சாய்ந்த எழுத்தில் முப்பத்தொரு பெயர்

ஜூலை 6, ஞாயிறு

இன்று மாலை வீட்டு ஜெபத்துக்கு வந்திருந்தவர்கள்: போதகர் ஐயா, கொழுந்தன் ரசலையன், அவன் மனைவி எழிலரசி, நான், நாற்காலியில் இவர். மொத்தம் ஐந்து பேர். பெங்களூரிலிருந்து மகள் அபிஷா போனில் ஆமென் சொன்னாள். அவளை வந்தவர் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பெண்கள் சங்கத்தில் பதினான்கு வருடம் வருகைப் பதிவு எழுதிய கை, சும்மா இருக்காது.

இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள் ஆகிறது. நடக்கிறார், பேசுகிறார், குழம்பில் உப்புக் குறைவு என்று சரியாகச் சொல்கிறார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வாசிக்கத்தான் முடியவில்லை. கண்ணில் கோளாறு இல்லை, மூளையில் எழுத்தை வாசிக்கிற இடத்தில் மட்டும் ரத்தம் ஓடாமல் அடிபட்டிருக்கிறது என்றார் டாக்டர். எழுத வருகிறது. வில்பிரட் என்று அழகாகக் கையெழுத்துப் போடுகிறார். அதையே அடுத்த நிமிஷம் காட்டினால், "இது யாரு எழுதினது?" என்கிறார். தாளில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம்.

ஜெபம் முடிந்து காப்பி கொடுத்தபோது ரசலையன்தான் பேச்சை எடுத்தான். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு கோயிலில் அசனம். சபை முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அதற்கு யார் அரிசி கொடுத்தது, யார் ஆடு கொடுத்தது என்று ஆராதனையில் பட்டியல் வாசிப்பது சபைச் செயலர் வேலை. பதினோரு வருடமாக இவர்தான் செயலர். தன் பெயர் வரும்போது ஒவ்வொருவரும் முதுகை நிமிர்த்தி உட்காருவதை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

"அண்ணனுக்கு ஓய்வு வேணும்லா போதகரே. இந்த வருஷம் பட்டியல நான் வாசிச்சிருதேன். அண்ணன் பக்கத்துல நின்னு ரொட்டி வண்டி ஹாரனை மட்டும் அடிச்சாப் போதும், சனம் கூடிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். இருபத்திரண்டு வருடம் பூங்கனி ரொட்டிக் கம்பெனி வண்டியை ஓட்டிக் கடை கடையாக ரொட்டி போட்டவர் இவர்.

போதகர் சிரித்து முடித்து, "அசனம் வரைக்கும் பொறுப்போம். அன்னைக்கு வில்பிரட் வாசிச்சா அவர்தான் செயலர். முடியல்லன்னா ரசலையன். யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம்" என்றார்.

எல்லோரும் போன பிறகும் இவர் அதே நாற்காலியில் இருந்தார். "ஹாரன் நல்லாத்தான் அடிப்பேன்" என்றார். தம்ளர் ஐந்தையும் கழுவிக் கவிழ்த்தேன்.

ஜூலை 9, புதன்

காலையில் ரஸ்க் பாக்கெட்டைப் பிரிக்கப் போனேன். இவர் கையிலிருந்து வாங்கி, மேலே விரலை வைத்து மெதுவாகத் தடவினார்.

"பூங்கனி ரொட்டி" என்றார்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைக்க ரொம்ப நேரம் ஆனது.

ஜூலை 10, வியாழன்

அபிஷாவிடம் சொன்னேன். அவள் கம்ப்யூட்டர் படித்தவள், என் சந்தோஷத்தில் மெதுவாகத் தண்ணீர் தெளித்தாள்.

"அம்மா, அது வாசிக்கிறது இல்லம்மா. லோகோ. படம் மாதிரி. படிக்கத் தெரியாத சின்னப்பிள்ளகூட மிட்டாய்த் தாளைப் பாத்துப் பேர் சொல்லும்லா."

"அப்படியா மக்ளே" என்று போனை வைத்தேன். நான் எட்டாம் வகுப்பு. ஆனால் கத்தரிக்கோல் என்னிடம் இருக்கிறது.

பாக்கெட்டின் பெயரை ஏழு துண்டாக வெட்டினேன். பூ, ங், க, னி, ரொ, ட், டி. அதில் மூன்றை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தேன். இவர் விரலால் ஒவ்வொன்றின் மேலும் போய் வந்தார். போய் வந்தார் என்றால், எழுத்து ஆரம்பிக்கிற இடத்தில் ஆரம்பித்து முடிகிற இடத்தில் முடித்தார்.

"க. ட். டி. கட்டி."

பிறகு பூ, ட், டி வைத்தேன். "பூட்டி. கதவையா?" என்றார்.

இப்படி ஒரு சொல் எந்த ரொட்டி பாக்கெட்டிலும் கிடையாது. இது படம் பார்த்துச் சொல்வது இல்லை. அதே கட்டியை நான் பேனாவால் எழுதிக் காட்டினேன்: எறும்பு. செய்தித்தாளில் தேடிக் காட்டினேன்: எறும்பு. பாக்கெட் எழுத்து மட்டும்தான்.

சரி 2, தவறு 0. அபிஷாவுக்குச் செய்தி அனுப்பினேன், கைகூப்புகிற படமும் சேர்த்து.

ஜூலை 13, ஞாயிறு

"ஏங்க, அந்த எழுத்து மட்டும் எப்படித் தெரியுது?"

"கண்ணுக்குத் தெரியல்ல நேசம். விரலுக்குத் தெரியுது."

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கடல் காத்தில் வண்டியின் பெயர் வெளுத்துப்போகும். கம்பெனியில் பெயிண்டர் அனுப்ப மாட்டார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும், கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், இவரே சிவப்பு எனாமலும் பிரஷும் வாங்கி வந்து பழைய கோட்டின் மேலேயே எழுதுவார். வண்டிக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஏழு எழுத்து, இருபத்திரண்டு வருடம். முந்நூற்றெட்டு எழுத்து. நான் அப்போதெல்லாம் டர்பன்டைன் நாத்தம் என்று ஜன்னலைச் சாத்தினவள்.

இன்று ஆராதனைக்குப் போய் வந்து அந்தப் பாக்கெட்டை ஒரு மணி நேரம் பார்த்தேன். இத்தனை வருடம் இதைப் பிரித்துக் குப்பையில் போட்டிருக்கிறேன். எவ்வளவு நல்ல எழுத்து! தடித்தது, ஆனால் கனம் தெரியவில்லை. ஒரு இடத்தில்கூட கூர்முனை கிடையாது. எல்லா முனையும் அடுப்பிலிருந்து எடுத்த பன் மாதிரி உருண்டு நிற்கிறது. ஏழும் ஒரே அளவு வலப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. சாய்ந்து விழவில்லை, நேரமாகிவிட்டது என்று வேகமாக நடக்கிறவன் உடம்பு முன்னால் போகுமே, அந்தச் சாய்வு. ட் மேல் இருக்கிற புள்ளியைப் பார்த்தேன். நேர் மேலே இல்லை. எழுத்து சாய்ந்த பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. நேர் மேலே வைத்திருந்தால் பின்னால் உருண்டு விழுந்திருக்கும். இதை யோசித்து வைத்தவர் யாரோ, கர்த்தர் அவருக்கு நல்ல கண்ணைக் கொடுத்திருக்கிறார்.

ஜூலை 16, புதன்

மழை. ஏழு எழுத்தை வைத்துக்கொண்டு கர்த்தருடைய நாமத்தைக்கூட எழுத முடியாது.

ஜூலை 19, சனி

அபிஷாவின் பழைய ஜியாமெட்ரி பாக்ஸ் பரணில் இருந்தது. கோணமானியை வைத்து அளந்தேன். சாய்வு பதினான்கு டிகிரி. ஏழுக்கும் பதினான்குதான், அரை டிகிரி வித்தியாசம் இல்லை. கோட்டின் தடிமன் எழுத்து உயரத்தில் கால் பங்கு. படுக்கைக் கோடு ஒரு நூல் மெலிசு. இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மீதி எழுத்தை இந்த ஏழிலிருந்தே செய்யலாம் என்று தோன்றியது. பூ-வின் வாலை எடுத்தால் ப. ப-வின் வலது காலை உள்ளே சுருட்டினால் ம. க-விலிருந்து ச வந்துவிட்டது. ன-வுக்கு இன்னொரு சுழி கொடுத்தால் ண; ஆனால் தடித்த கோட்டில் மூன்று சுழி போட்டால் உள்ளே வயிறு அடைபட்டு உளுந்து வடை மாதிரி ஆகிறது. நான்கு தடவை அழித்தேன். சுழியைப் பெரிதாக்கக் கூடாது, கோட்டைத்தான் அந்த இடத்தில் மட்டும் இளைக்க விட வேண்டும் என்று ஐந்தாம் தடவை புரிந்தது. ண நிமிர்ந்து நின்றது. சமையலறையில் யாரும் இல்லை. ஸ்தோத்திரம் என்று சத்தமாகவே சொன்னேன்.

விரலுக்குத் தெரிய வேண்டுமே என்று அட்டையில் கோந்து தடவி, எழுத்தின் மேல் ரவை தூவினேன். பதினொரு எழுத்து காய வைத்திருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வருவதற்குள் பதினொன்றையும் நிஜ எறும்பு மொய்த்துவிட்டது. இவர் பார்த்து, "இப்ப உனக்கும் தெரியுதா?" என்று சிரித்தார். நாளை முதல் உப்புத்தாள்.

ஜூலை 24, வியாழன்

மாத்திரை வாங்க நாகர்கோவில் போனேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை விட்டுவிட்டுப் போர்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வயதில் இது ஒரு வேலையா என்று யாரும் கேட்கவில்லை.

தடித்து உருண்டு சாய்ந்த எழுத்து எங்கெல்லாம் இருக்கிறது என்று குறித்தேன். ஐஸ்கிரீம் வண்டி. பிள்ளைகள் செருப்புக் கடை. குலுக்கி சர்பத். டிரைவிங் ஸ்கூல். டியூஷன் சென்டர் ஒன்று. பஸ் நெற்றியில் பஸ்ஸின் பெயர், ஆனால் ஊர் பெயர் நேர் எழுத்தில். அதுவும் சரிதான்: ஊர் நிற்கிறது, பஸ் ஓடுகிறது. லேபாரட்டரியில் இந்த எழுத்து இல்லை. வக்கீல் போர்டில் இல்லை. நகைக்கடையில் இல்லை, அவர்களுக்கு மெலிந்து வளைந்த எழுத்து வேண்டும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றில் மட்டும் எந்தப் புண்ணியவானோ இந்த எழுத்தில் அடித்திருந்தான். செத்தவர் ஊட்டிக்குச் சுற்றுலா போன மாதிரி இருந்தது.

இந்த எழுத்து தூரத்திலிருந்தே வா என்று கூப்பிடுகிறது. பயமுறுத்தத் தெரியாது. நீளமாக எழுதினால் களைப்பாகிவிடும். ஒரு பெயர், இரண்டு சொல், அவ்வளவுதான் அதன் மூச்சு. பெயர் எழுதவே பிறந்த எழுத்து. பட்டியலில் இருப்பதும் பெயர்தானே.

வீட்டுக்கு வந்தபோது மாத்திரையைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது.

ஆகஸ்ட் 2, சனி

இருபது அட்டை ஆகிவிட்டது. தினமும் காலைக் காப்பிக்குப் பிறகு கலைத்துக் கலைத்துக் காட்டுகிறேன். அடுக்களையில் வேலையோடு வேலையாகக் காட்டுவதால் அட்டைகள் பாழாகின்றன. ம-வில் மஞ்சள் கறை. வ அடுப்புப் பக்கம் போய் ஒரு மூலை தீய்ந்துவிட்டது. ல எண்ணெய்க் கிண்ணத்தில் விழுந்து எழுந்தது. நேற்று சரி 11. இன்று 14.

டப்பாக்களுக்கும் இதே எழுத்தில் பெயர் ஒட்டினேன். கடுகு, சீரகம், உப்பு. சீரகம் இவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை. மாத்திரை டப்பாவில் 'காலை ஒன்று' என்று ஒட்டினேன். இவர் பார்த்து, "மிட்டாய்க் கடை மாதிரி இருக்கு, ரெண்டு போட்டுக்கவா?" என்றார். கக்கூஸ் கதவிலும் ஒட்டினேன். அதற்கு இவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

எழிலரசி வந்தாள். டப்பாக்களைப் பார்த்து, "அக்கா, எந்த பிரஸ்ல அடிச்சிய?" என்றாள். பெருமை பாவம், அதனால் உடனே பதில் சொல்லவில்லை. அவள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். "என் பேரையும் இதே மாதிரி எழுதித் தாங்கக்கா, போர்டு வைக்கணும்" என்றாள். சரி என்று உட்கார்ந்தேன். எ வந்தது. ழி வரவில்லை. ம வரைக்கும் போய் அங்கிருந்து கோட்டுக்குக் கீழே இறங்கிச் சுழிக்க வேண்டும். நேர் எழுத்தில் அது சரி. சாய்ந்த எழுத்தில் அந்த வால் முன்னால் போவதா, பின்னால் வருவதா? முன்னால் விட்டால் அடுத்த எழுத்தின் காலை மிதிக்கிறது. பின்னால் இழுத்தால், ஓடுகிறவன் சட்டையை யாரோ பிடித்த மாதிரி இருக்கிறது.

"பிறகு தாறேன் எழில்" என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சரி 19. தவறு 1. கர்த்தர் நல்லவர். இந்தப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாளை போதகர் பார்க்க வருகிறார் என்று இருபது அட்டையையும் புதிதாகச் செய்தேன். பழையது அழுக்கு. அவர் முன்னால் எடுக்க வெட்கம். எழுத்து அதே எழுத்து, அளவு அதே அளவு.

காப்பிக்குப் பிறகு காட்டினேன். முதல் அட்டை. விரலை வைத்தார். எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். "ப?" என்றார். அது ய.

இருபதில் மூன்று.

தலைவலியா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டேன். எழுந்துபோய் குப்பைக் கூடையிலிருந்து பழைய அட்டைகளை எடுத்து வந்து மேஜையில் பரப்பினார்.

"இது ம. மஞ்சக் கறை. இது வ, மூல தீஞ்சிருக்கு. இது ல, எண்ண மணம். இது ச, நீ கிழிச்சு ஒட்டினது."

"எத்தன நாளா?"

"பத்துப் பன்னெண்டு நாளா."

"எதுக்குங்க?"

"நீ நோட்டுல சரி போடும்போது ஒரு மாதிரி உதட்ட மடிப்ப. அதப் பாக்கணும்னு இருந்திச்சு."

கறையைப் படித்துப் பெயர் சொல்கிறவரை மைக் முன்னால் நிறுத்தப் போனேன். போதகருக்குப் போன் செய்து உடம்பு சரியில்லை, நாளை வர வேண்டாம் என்றேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நோட்டில் பத்து நாள் கணக்கை அடித்தேன். சிவப்புப் பக்கத்தையும். மத்தியானச் சோறு, பருப்பு, அப்பளம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் ஜெபம் பண்ணி எழுந்தபோது ஒன்று தெளிவாக இருந்தது. இவர் அந்த ஏழு எழுத்தைப் பார்த்துக் கற்றவர் இல்லை. எழுதிக் கற்றவர். நான் பார்க்கச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

சுதந்திர தினம், கடை மூடுவதற்கு முன்னால் போய்ச் சிவப்பு எனாமல் ஒரு டப்பா, முக்கால் இஞ்ச் பிரஷ் ஒன்று. கொல்லையில் கிடந்த பழைய பிரிட்ஜ் கதவைக் கழுவிச் சுவரில் சாய்த்தேன். வண்டிப் பக்கம் மாதிரியே வெள்ளை, வழுவழுப்பு. என் எழுத்துகளை அதில் பென்சிலால் வரைந்தேன். பிரஷை இவர் கையில் கொடுத்தேன். நேற்றிலிருந்து நான் சொன்ன முதல் வார்த்தை, "எழுதுங்க."

ஆரம்பித்தார். ம-வின் மேல் ஒரு தடவை போனார். நின்றார்.

"நேசம், இது சாயல்ல. நிக்குது."

"பதினாலு டிகிரி. அளந்துதான் போட்டேன்."

"இடது கால் சாஞ்சிருக்கு. வலது கால சுருட்டுற இடத்துல நிமிந்திருச்சு. வண்டி கிளம்புனா இது பின்னால விழுந்திரும்."

கோணமானியை வைத்துப் பார்த்தேன். சுருட்டுகிற இடத்தில் ஒன்பது டிகிரி. எழுத்தை வாசிக்கத் தெரியாத மனுஷன், கையால் பிடித்துவிட்டார்! அழித்துப் போட்டேன். மறுபடி எழுதினார். "இப்ப ஓடுது" என்றார்.

மாலைக்குள் ம பத்து தடவை, வ பத்து தடவை, ல பத்து தடவை. ஜன்னலைச் சாத்தவில்லை. டர்பன்டைன் அவ்வளவு மோசமான நாத்தம் இல்லை.

"ஒரு வாக்குக் கொடுக்கணும்" என்றேன். "தெரியாதத தெரியாதுன்னு சொல்லணும். யாரு முன்னால ஆனாலும்."

"சத்தியமாவா?"

"சத்தியம் பண்ணக்கூடாது. வாக்கு."

"வாக்கு."

ஆகஸ்ட் 20, புதன்

புது அட்டை, கறை இல்லை. இருபதில் ஏழு. ஏழும் உண்மை.

ஆகஸ்ட் 25, திங்கள்

இருபதில் பதினாறு. ஜ-வும் ஸ-வும் சேர்த்து இப்போது முப்பத்தெட்டு எழுத்து. ஜ-வின் வயிற்றுக்குள் ஒரு ஏலக்காய் அளவு வெள்ளை விட்டேன், மூச்சு விடுகிறது. நான் வரைகிறேன், இவர் பிரஷால் ஓட்டிப் பார்த்து "ஓடுது", "நிக்குது" என்கிறார். நிற்பதைத் திருத்துகிறேன். அபிஷா வீடியோவில் பிரிட்ஜ் கதவைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்குப் பேரு ஃபான்ட். நீ ஃபான்ட் செஞ்சிட்டிருக்கே, தெரியுமா? ஆபீஸ்ல இதுக்குன்னு படிச்சிட்டு வந்திருக்காங்க" என்றாள். "அவங்க வீட்டுல பிரிட்ஜ் கதவு இருக்கா?" என்று இவர் உள்ளேயிருந்து கேட்டார்.

அவள் அதே மாதிரி சாய்ந்த தடி எழுத்து ஒன்றைக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினாள். அழகாகத்தான் இருந்தது. இவர் விரல் வைத்துப் பார்த்து, "இது வேற வண்டி" என்றார்.

ழ மட்டும் நிற்கிறது. பதினொரு விதமாகப் போட்டுவிட்டேன். இவர் பதினொன்றுக்கும் தலையை ஆட்டிவிட்டார். பூ-வின் வாலை வெட்டி ஒட்டிப் பார்த்தேன், அதுவும் இல்லை.

கம்பெனி ஆபீசுக்குப் போன் பண்ணி, பாக்கெட் எழுத்தை எழுதியது யார் என்று கேட்டேன். எதற்கு என்று மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். கடைசியில் பழைய மேனேஜர் லைனுக்கு வந்தார். முப்பது வருடத்துக்கு முன்னால் லேபிளுக்காக ஒருவர் கையால் எழுதிக் கொடுத்ததாம். ஓவியர் கார்மேகம், சாத்தூர். விலாசம் கிடைத்தது. முன்பின் தெரியாதவருக்கு எப்படி எழுதுவது? நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

போதகர் பட்டியல் கொடுத்தனுப்பினார். முப்பத்தொரு பெயர். பெரிய தாளில், தாளுக்கு மூன்று பெயராக எழுதுகிறேன். வாழைக்குலை கொடுத்தவர்கள் ஆறு பேர்; வாழையிலும் ழ. அந்த இடத்திலெல்லாம் வாழைக்குலைப் படம் வரைந்துவிட்டேன். கர்த்தர் மன்னிப்பார்.

பத்தொன்பதாவது பெயர் எழிலரசி. பெயருக்குப் படம் வரைய முடியாது. பதினொன்றில் எது குறைந்த மோசமோ அந்த ழி-யைப் போட்டேன். இவருக்கு எந்தப் பெயர் எத்தனாவது என்று நான் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆராதனைக்கு வந்தவர்கள் நானூற்றுப் பத்துக்கு மேல். எண்ணி முடிப்பதற்குள் இவர் எழுந்துவிட்டார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தாள்களை மேஜையில் வைத்து, மைக்கைச் சரி பண்ணி, வலது கையின் ஆள்காட்டி விரலை முதல் எழுத்தில் வைத்தார். கோயில் பின்னால் அண்டாவில் சாம்பார் கொதிக்கிற மணம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"த. ங். க. தங்க. சு... சுவாமி. தங்கசுவாமி. அரிசி, ஒரு மூட்டை."

தங்கசுவாமி அண்ணாச்சி முதுகை நிமிர்த்தினார். நான் நோட்டில் ஒரு கோடு போட்டேன்.

முன்பெல்லாம் நாலு நிமிஷத்தில் முடிகிற பட்டியல். ஐந்தாவது பெயர் வருவதற்குள் நாலு நிமிஷம் ஆகிவிட்டது. ஆண்கள் பக்கம் பெஞ்சு கிரீச்சிட்டது. ஒரு பிள்ளை சத்தமாக, "தாத்தா இப்பதான் படிக்காரா?" என்று கேட்டது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். இவர் விரல் நிற்கவில்லை. ஜெபமணி பாய், தேங்காய் ஐம்பது. ஜ சுகமாகக் கடந்தது. எல்லா எழுத்திலும் ஆரம்பிக்கிற இடத்தில் ஆரம்பித்து முடிகிற இடத்தில் முடித்தார். பதினெட்டு கோடு போட்டுவிட்டேன்.

பத்தொன்பது. "எ" என்றார். விரல் அடுத்த எழுத்துக்குப் போனது. ம வரைக்கும் போனது. கீழே இறங்கியது. நின்றது. மறுபடி மேலே வந்து இறங்கியது. நின்றது.

ரசலையன் முதல் பெஞ்சில் இருந்தான். கையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

இவருக்கு அது யார் என்று தெரியும். எ-வுக்கு அடுத்து வராத எழுத்து என்றால் சபையில் ஒரு பெயர்தான். அவள் வாழைக்குலை கொடுத்ததும் தெரியும். நம் வீட்டு வாசல் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். சொல்லிவிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிடுங்கள் என்று நான் மனசுக்குள் நினைத்தேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இவர் விரலை எடுத்தார். மைக்கில் சொன்னார்:

"இந்த ஒரு எழுத்து எனக்கு வரல்ல. பேரு யாருதுன்னு மனசுக்குத் தெரியும். ஆனா வாசிக்கேன்னு நின்னுட்டு மனசுல உள்ளதச் சொல்லக்கூடாது. தம்பி ரசலையா, எந்திரிச்சு உன் வீட்டுக்காரி பேரச் சொல்லு."

ரசலையன் எழுந்தான். கட்டின கையை அவிழ்த்தான்.

"எழிலரசி" என்றான். அவ்வளவு மெதுவாக அவன் பேசி நான் கேட்டதில்லை. "வாழைக்குலை, நாலு."

இவர் தாளைப் பார்த்தார். "நாலா? இங்க மூணுல்லா தொங்குது?"

இடம் போதாமல் மூன்றுதான் வரைந்திருந்தேன். முதலில் சிரித்தது போதகர். பிறகு பெண்கள் பக்கம். பிறகு எல்லோரும். ரசலையன் நின்றபடியே, "மைனி, எங்க நாலாவது குலையக் காணல்ல!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நோட்டைப் பார்த்தேன்.

"நாலு" என்று திருத்தி, இவர் இருபதாவது பெயரில் விரலை வைத்தார்.

மொத்தம் இருபத்தேழு நிமிஷம். முப்பத்தொரு பெயரில் முப்பது.

பந்தியில் ரசலையன்தான் சாம்பார் வாளி தூக்கினான். இவர் இலைக்கு வந்தபோது ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டி ஊற்றினான். "செயலரே, போதுமா?" என்றான். என் இலைக்கு வந்து குனிந்து, "மைனி, அவ பேருக்கு ஒரு எழுத்துச் செஞ்சு குடுங்க. இல்லன்னா வருஷா வருஷம் நான்லா எந்திரிச்சி நிக்கணும்" என்றான். போகிற போக்கில் சொன்னான், ஆனால் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று காலை தபாலில் சேர்த்த கடிதத்தின் நகல்:

"மதிப்புக்குரிய ஓவியர் கார்மேகம் ஐயா அவர்களுக்கு, நேசமலர் வில்பிரட் எழுதுவது. என்னை உங்களுக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்கு முன்னால் பூங்கனி ரொட்டிக்கு நீங்கள் ஏழு எழுத்து எழுதிக் கொடுத்தீர்கள். என் கணவர் அதே ஏழையும் இருபத்திரண்டு வருடம் வண்டியில் பிரஷால் எழுதினவர். சாய்வை ஒரு தடவைகூட மாற்றவில்லை என்று சொல்கிறார், இப்போது அவர் எழுதுவதை நானும் அளந்து பார்த்துவிட்டேன். உடம்புக்கு முடியாமல் போன பிறகு உலகத்தில் அவரால் வாசிக்க முடிந்தது உங்களுடைய ஏழு எழுத்து மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு நான் மற்றதைச் செய்தேன். உங்களிடம் கேட்காமல் செய்தது தப்பு, பொறுத்துக்கொள்ள வேண்டும். முப்பத்தெட்டு எழுத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நிற்பது எதுவானாலும் சிவப்பு மையில் திருத்துங்கள். நான் வருத்தப்பட மாட்டேன்.

ஒரே ஒரு எழுத்து எனக்கு வரவில்லை. உங்கள் கையில் ழ எப்படி வரும்? அந்த வால் முன்னால் போகுமா, பின்னால் வருமா? என் பதினொன்றையும் வைத்திருக்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். எழிலரசி என்று ஒரு பெண் எங்கள் சபையில் இருக்கிறாள். இம்மாதம் 14-ஆம் தேதி ஞாயிறு அவள் பிறந்தநாள் ஸ்தோத்திரம், பெயரை என் கணவர் வாசிக்க வேண்டும். அதற்கு முன்னால் அவர் அந்த எழுத்தைப் பத்து தடவையாவது பிரஷால் எழுதியாக வேண்டும். விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது. ஒரு எழுத்து போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்புங்கள்."